ஞானத்தகப்பன் அடித்த பெனால்டி

பராச்சின்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ரதோஷுக்கு,

லூபிங்கா எழுதுவது. நானும் பிள்ளைகளும் நலம். ஹங்கேரிக் குளிர் உன்னை அண்டாமல் இருக்கட்டும். போனில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

துன்யா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். குடைமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, குளிர்காலத்துக்கு அரைத்து அடைத்தாயிற்று. சின்னவன் நன்றாகப் பால் குடிக்கிறான். தூங்கும்போது விரல்களை விரித்து விரித்து மூடுகிறான். யார் பிள்ளை என்று கேட்கவே வேண்டாம். ஆனால் பிறந்து ஒரு மாதம் ஆகப் போகிறது, இன்னும் பெயர் இல்லை. நம் கல்யாணத்துக்குச் சாட்சி நின்று, துன்யாவுக்கு ஞானத்தகப்பனாகிப் பெயரும் வைத்த குவோஸ்தென்தான் இவனுக்கும் வைக்க வேண்டும். வேறு ஆளைப் பார் என்கிறாய். சட்டையா இது, மாற்றிக்கொள்ள?

ஊர் வாய் எனக்கும் தெரியும். மே மாதக் கடைசி ஆட்டத்தைச் சமன் செய்திருந்தால் நம் கிளப் மேல் லீகுக்கு ஏறியிருக்கும். எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் குவோஸ்தென். எப்போதும் அடிக்கிற அதே மூலையில்தான் அடித்தான். கோலில் நின்ற நீ எதிர்ப்பக்கம் பாய்ந்தாய். உறவுக்காக நீ விட்டுக்கொடுத்தாய் என்று துப்பினார்கள். "எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியுமே, மாத்தி அடிப்பான்னு நெனச்சேன்" என்று அன்று சமையலறையில் உட்கார்ந்து அழுதாய். சொன்னால் யார் நம்புவார்கள் என்று, முப்பத்தொரு வயதில், கைக்குப் பலம் இருக்கும்போதே ஆட்டத்தை விட்டு ஹங்கேரியில் டைல்ஸ் கடை வேலைக்குப் போய்விட்டாய். பிள்ளை பிறந்தபோது வந்தவன் வீட்டை விட்டுத் தெருவில் இறங்காமலே திரும்பினாய்.

கறிக்கடை ஜிவ்கோ போன வாரம் எல்லோர் முன்னாலும், "ஒன் புருஷன் எந்தப் பக்கம் சாய்வான்னு முன்னாடியே பேசி வச்சதுதானே?" என்றான். "ஒங்க தராசு எந்தப் பக்கம் சாயும்னு ஊருக்கே தெரியும், மொதல்ல அதப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது கறி வேறு கடையில்தான்.

கோச் ஸ்ரெதோயே வீட்டுக்கு வந்தார். புதுக் கோல்கீப்பருக்குத் தோள் இறங்கிவிட்டதாம். "அவன நான் ஒருநாளும் சந்தேகப்படல, வரச் சொல்லும்மா" என்றார். அடுத்த ஞாயிறு ஆட்டம், நம் மைதானத்தில், குவோஸ்தென் அணியோடு. நீ மறுப்பாய் என்று தெரிந்தேதான், "வருவான்" என்று அவரிடம் சொல்லியனுப்பினேன். கோபித்துக்கொள். ஆனால் இங்கே வந்து கோபித்துக்கொள்.

மறுநாள் குவோஸ்தெனும் வந்தான். உள்ளே வரவில்லை, காப்பியும் வேண்டாம் என்றான். வாசலில் நின்றே, "தங்கச்சி, பெனால்டி கெடச்சா எந்தப் பக்கம் அடிப்பேன்னு சொல்லிடறேன். அவன்கிட்ட சொல்லு. அவன் பேராவது மிஞ்சட்டும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வாய மூடு. ஊர் பொய்யாச் சொன்னத நீ நெஜமாக்கப் பாக்கறியா?" என்று கேட்டேன். பெயரை யோசித்துக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை ஞானஸ்நானம். பாதிரியாரிடம் பேசிவிட்டேன். ஊர் பார்க்க உன் கையாலேயே பிள்ளையை அவன் கையில் கொடு. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு எதிரே போய் நில். என்ன பெயர் வைப்பான் என்று எனக்குத் தெரியாது, எந்தப் பக்கம் அடிப்பான் என்றும் தெரியாது. நீயும் யோசிக்காதே, பந்தைப் பார். பிடித்தாலும் சரி, விட்டாலும் சரி. கோலுக்குப் பின்னால், அன்று துப்பினார்களே அந்த இடத்தில்தான், நானும் பிள்ளைகளும் நிற்போம்.

உன் கையுறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று முன்பக்கக் கொடியில்தான். புனித நிக்கோலா உன் கைகளைக் காக்கட்டும். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு வந்துவிடு, ரதோஷ். நீ வந்து எடுக்கும்வரை அவை அங்கேதான் தொங்கும்.

உன்
லூபிங்கா