தெற்கு வடக்காகத் திருப்பிய ஷெட்

ஏப்ரல் 8, புதன்

காலை எட்டரைக்கே சேலம் அஸ்தம்பட்டியில் தார் இளகுகிறது. ஆபீஸில் ஓடுவது ஒரே ஏசி, அதுவும் மனோஜ் சார் அறையில்.

வேலை: கம்ப்யூட்டர் பேய் கேமுக்கு ஒரு பாழடைந்த கோழிப்பண்ணைக் காட்சி. "நீதான் நாமக்கல்லாச்சே" என்று என் தலையில் கட்டிவிட்டார். வெள்ளிக்குள் முடிக்க வேண்டும். பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம். ஏற்கெனவே ஒருமுறை நீட்டியாயிற்று.

புதிதாக எதையும் செய்யக் கூடாதாம். வாங்கி வைத்திருக்கும் ரெடிமேட் 3டி பொருள்களைத் திரையில் அடுக்கி, வெளிச்சம் வைத்தால் போதும். இருப்பவை: வைக்கோல் உருளை, மரப் பீப்பாய், குதிரை லாடம், அரிக்கேன் விளக்கு. முட்டை அட்டை இல்லை. எந்த ஊர்க் கோழிக்குப் பீப்பாய்?

ஏப்ரல் 9, வியாழன்

பீப்பாய்களைத் தூக்கிவிட்டேன். கம்பி வலை, தகரக் கூரை, தொங்கும் சாக்கு. சாக்கு கிடைக்கவில்லை, ஒரு போர்வையை அழுக்காக்கிச் சமாளித்தேன்.

ஷெட்டை எங்கள் பண்ணை மாதிரியே கிழக்கு மேற்காக வைத்தேன். சூரியன் கூரை மேலேயே போய்விடும், பக்கவாட்டில் உள்ளே விழாது. நிழலும், வெளித்தரையில் பட்டு உள்ளே வரும் மங்கல் வெளிச்சமும் மட்டும். மூன்று மணிக்கு அப்பா தீவனம் போடும்போது இருக்குமே, அதே. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். மதியம் சாப்பிடவில்லை.

அப்பாவிடம் காட்ட வேண்டும். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், "சேலத்துல என்னமோ பொம்ம வேலைங்க" என்று பேச்சை மாற்றுகிறவர்.

ஏப்ரல் 10, வெள்ளி

தலைவலி. மனோஜ் சார் பார்த்தார். முழுதாகப் பத்து நொடி.

"என்னம்மா, சப்புன்னு இருக்கு? வெயில் எங்க? வலை வழியா கத்தி கத்தியா இறங்கணும்."

"கோழி ஷெட்டுக்குள்ள வெயில் உழுகாதுங்க சார். அதுக்குத்தானுங்க கிழக்கு மேற்கா கட்டறது."

"கோழியா வந்து விளையாடப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து சீட் ரேவதியும். அவள் வேலையைப் போன வாரம் நான்தான் உட்கார்ந்து முடித்து... போகட்டும்.

ஷெட்டைத் தெற்கு வடக்காகத் திருப்பினேன். சூரியனைக் கீழே இறக்கினேன். பனிமூட்டம், தூசி, இரண்டு பீப்பாய். இருபது நிமிடம். "இதாம்மா ரியலிஸ்டிக்!"

மாலையே நிரந்தரக் கடிதம். மிக்சர் கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் தின்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஊரில். அனல். அம்மா பண்ணைக் கூரைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

கடிதத்தைக் கொடுத்தேன். "செரி, அப்படி என்னதான் பண்ணுன, காட்டு சாமி" என்றார் அப்பா. இதுவரை கேட்டதே இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். மூலை மூலையாகப் பார்த்தார், மனோஜ் சாரைவிட அதிக நேரம்.

"வெயிலு முச்சூடும் உள்ளார உழுகுதே. கோழி வாயப் பொளந்துட்டுச் செத்துருமே. எந்தக் கூமுட்ட கட்டுனான் இத?"

"நாந்தானுங்கப்பா. மொதல்ல சரியாத்தானுங்க வெச்சிருந்தேன்."

"அதக் காட்டு."

தேடினேன். வெள்ளிக்கிழமை அவசரத்தில் அதே ஃபைல் மேலேயே சேமித்திருக்கிறேன், பழையது அழிந்துவிட்டது.

அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தீவனம் போட எழுந்து போனார்.