தண்ணீர் இறங்காத மண்

பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் இன்று காலை சமையலுக்குப் பாண்டான் இலை கேட்டு வந்தாள். பின்பக்கத் தோட்டத்துக்குப் போய் ஒரு கொத்து நறுக்கினேன். அந்த வாசனை கையில் ஏறியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போன பிறகு அந்தப் பக்கம் நான் போவதே இல்லை.

செர்காம் வீட்டை விட்டு வர உனக்கு மனசே இல்லை. கடலோர மணல் மண். எவ்வளவு மழை பெய்தாலும் சற்று நேரத்தில் உள்ளே இறங்கிவிடும். அதில்தான் உன் மல்லிகைப் பந்தல் நின்றது. உன் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று முறை இரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டியதானபோது, ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கட்டும் என்று புக்கிட் காத்திலுக்குக் குடிவந்தோம். மல்லிகைக் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாய்.

அத்தனையும் செத்தன. ஒன்றைப் பிடுங்கி வேரை மோந்து பார்த்தாய். அழுகல் நாற்றம். அந்த மஞ்சள் மண்ணை உள்ளங்கையில் உருட்டினாய். உடையாமல் கயிறுபோல் நீண்டது.

“சுத்தக் களிமண்ணுங்க. சேத்து நிலத்துல மண்ணக் கொட்டி வீடு கட்டிருக்கான். தண்ணி இறங்கவே இறங்காது. மல்லிக எப்படிங்க பொழைக்கும்?”

நான் ஒரு லாரி மணல் இறக்கிக் கலந்தேன். வெயில் பட்டதும் செங்கல்லாய் இறுகிப்போனது. உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சிமெண்டுத் தரை போட்டுக் குடுத்துட்டீங்க” என்றாய். அப்புறம் காய்ந்த இலை, காய்கறித் தோல், மக்கிய சாணம் என்று அள்ளிப் போட்டாய். மண் கொஞ்சம் பொலபொலத்ததும் ஈரம் தாங்கும் செடிகளாகத் தேடி நட்டாய்: பாண்டான், வல்லாரை, கல்வாழை, சேம்பு. “இதுங்களுக்கு இந்த மண்ணு போதும்.” மல்லிகையைப் பற்றி அதன்பின் நீ பேசவில்லை. பாசாரில் பூக்கடையைக் கடக்கும்போது மட்டும் வேறு பக்கம் பார்ப்பாய்.

ஊசி குத்திய கை வீங்கியிருக்கும். அதோடு களை எடுப்பாய். நான் தடுத்தால், “அங்க மிஷின் பக்கத்துல படுத்துக்கிட்டு இதத்தாங்க நெனச்சுக்கிட்டு இருக்கேன்” என்பாய். ஒரு நாள் அந்த மிஷின் பக்கத்திலேயே உன் இருதயம் நின்றுவிட்டது. உனக்கு வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு நான் வெளியே காத்திருந்தேன்.

மெர்லிமாவில், உன் அப்பா அம்மா பக்கத்தில் அடக்கம் செய்தோம். குழிக்குள் பார்த்தேன். அதே மஞ்சள் களிமண். அன்று ராத்திரி பெய்த மழை, மறுநாள் நான் போனபோது உன்மேல் குளமாய் நின்றது. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் மண்வெட்டி வாங்கிச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினேன். வெட்ட வெட்ட நிறைந்தது. அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போதும் அங்கிள். அவங்களுக்கு இனிமே ஒண்ணும் ஆகாதுலா.”

அதைத்தான் என்னால் கேட்டுத் தாங்க முடியவில்லை.

சர்ச்சுக்காரர்கள் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போகிறார்கள். தலையாட்டுகிறேன். ஆனால் மெர்லிமாவ் பக்கம் வானம் இருட்டினால் போதும், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை. குடையை விரித்து உன்மேல் பிடித்துக்கொண்டு, மழை விடும்வரை நனைந்தபடி நிற்கிறேன்.