போட்டு வாறன்

15.9.96, ஞாயிறு
சுஜானியின் பெட்டி கட்டியாச்சு. ஒன்பது வயதாகியும் வாசிப்பு ஏறவில்லை. நாளைக்கு மலைப்பக்கத்துச் சியாகுல்லியில் விடுதிப் பள்ளிக்கூடம். படிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கென்று தனியார் நடத்துகிறார்கள். தகப்பன் பீலிக்ஸுக்கு அரைமனம். "அழுதாளெண்டா அண்டைக்கே கூட்டிக்கொண்டு வந்திடுவன், சொல்லிப்போட்டன்."

16.9
விட்டிட்டு வந்தோம். கட்டிப்பிடித்து "அம்மா போட்டு வாறன்" என்றேன். "ஓம்" என்றாள். அழவில்லை.

17.9
மேல்வீட்டு விமலராணி அக்கா படியில் மறித்தா. "கம்பசில படிச்சனி, பெத்த பிள்ளைக்கு ஒரு ஆனா ஆவன்னா சொல்லிக்குடுக்க ஏலாதே?"
நான் படித்தது பொருளியல், அக்கா. மனதுக்குள்தான். சிரித்துவிட்டு இறங்கினேன்.

20.9, வெள்ளி
அங்கத்தை வெள்ளைக்கார ஆசிரியை கத்தரீனா தொலைபேசி எடுத்தா. பின்னேரமானால் சுஜானி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் இருக்கிறாளாம். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டாளாம். அம்மா வருவா என்கிறாளாம்.
"வருவதாகச் சொன்னீர்களா?"
"இல்லையே."
போனை வைத்த பிறகுதான் — ஐயோ, 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன் என்று சொன்னனான்தானே! வீட்டில் ஒவ்வொரு நாளும் அதைச் சொல்லித்தான் வேலைக்குப் போறன். பின்னேரம் வந்தும் விடுவேன். அவளுக்கு ஒரு சொல்லுக்கு ஒரு கருத்துத்தான்.
பீலிக்ஸ் உடனே, "நாளைக்கே கூட்டிக்கொண்டு வருவம்."

21.9, சனி
இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனோம். கத்தரீனாவுக்கு விளங்கப்படுத்தினேன். நாங்கள் 'போறன்' என்று சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவதில்லை, அது கூடாத சொல் என்று. அவ சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கூடாத சொல். அவளுக்கு அதுதான் தெளிவான சொல். அப்படியே சொல்லிப் பாருங்கள்."
பீலிக்ஸ் அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்.
"இஞ்சேருங்கோ, அதைக் கீழ வையுங்கோ. ஒரு கிழமை தாங்கோ."
குந்தியிருந்து சுஜானியைப் பார்த்தேன். நாக்குக் கூசியது. "அம்மா போறன். இண்டைக்கு வரமாட்டன். நாளைக்கும் வரமாட்டன். அடுத்த சனிதான்."
அழுதாள். வளவு முழுக்கக் கேட்க அழுதாள். கேற்றைத் தாண்டியும் கேட்டது.
பஸ்ஸில் பீலிக்ஸ் முன் சீற்றில் தனியப் போய் இருந்தார். அவள் அழுதால் கூட்டிக்கொண்டு வருவேன் என்றவர். நான் மறித்தனான். பிள்ளைக்கு ஏதும் நடந்தால்?

23.9
வாசலுக்கு வரவில்லையாம். சாப்பிடவும் இல்லையாம். எது நல்லது இதில்?

25.9
பாஸ்தா சாப்பிட்டாளாம். இரண்டாந்தரமும் கேட்டாளாம்.

28.9, சனி
வாசலில் ஒருவரும் இல்லை. உள்ளே, மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பீலிக்ஸ் ஆசையாய்க் கையை வைக்க, "பப்பா, தொடாதேங்கோ! இன்னும் எழுதி முடியேல்லை!" என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகுதான் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.
திரும்பி வரும்போது பஸ் ஹோல்ற்றில் பீலிக்ஸ் சொன்னார்: "மலைப்பக்கமெல்லே, இஞ்சை மாரிக்குக் குளிரும். வாற சனி அவளின்ர தடிச்ச சுவெற்றரைக் கொண்டுவருவம்."