ரஷ்யாக்காரனுக்கு அழுதவள்

“சும்மா காமெடிக்குத்தான புள்ள போட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டீர்கள்.

நீங்கள் எடுத்த வீடியோவில் ரஷ்ய நாவலை மடியில் வைத்து நான் அழுகிறேன், பூனை என் சடையைப் பிடித்து ஆடுகிறது. அதன்மேல் சினிமா காமெடி வசனத்தை ஒட்டி ஸ்டேட்டஸ் வைத்தீர்கள். கம்பெனியில் என் லைனில் வேலை செய்கிறவர்கள் எல்லாம், “ரஷ்யாக்காரனுக்கு எப்பக்கா கருமாதி?” என்று சிரிக்கிறார்கள்.

குழம்பு அடுப்பிலேயே இருக்கிறது. அவித்த மீன் தலை பூனைக்கு.

நான் நாவலுக்கு அழவில்லை. நீங்கள் கேட்டபோது அப்படிச் சொன்னது பொய். ஷிப்டு முடிந்து வந்தால் பூனையோடும் போனில் காமெடியோடும்தான் சிரிக்கிறீர்கள். கட்டிய பெண்டாட்டி என்னோடு பேசுவதே இல்லை.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது.

செல்வி

கிளம்பும்போது சாவியைப் பக்கத்து ரூம் ஷெர்லினிடம் கொடுத்துவிடுங்கள்.

அந்த வீடியோவை அழிக்கும் முன், சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரே ஒரு தடவை பாருங்கள். பூனையை இல்லை, என்னை.