பதினேழாம் எண் மேல்சட்டை

ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். நீயும் நலம் என்றுதான் போனில் சொல்கிறாய். ஆனால் "நல்லா இருக்கேம்மா" என்று நீ சொல்லும் வேகத்தை வைத்து என்னால் அதை நம்ப முடியவில்லை. நன்றாக இருப்பவர்கள் அவ்வளவு அவசரமாகச் சொல்லமாட்டார்கள்.

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்ப அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வர வேண்டும்.

போன வாரம் ஒரு படம் அனுப்பினாய். நீளமான மேசை, அதன் மேல் குவியலாகப் பழைய மூக்குக்கண்ணாடிகள், நடுவில் நீ. ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத மேல்சட்டை, அதில் பதினேழு என்று எண். ஜனங்கள் வேண்டாமென்று கொடுத்த கண்ணாடிகளைக் கழுவி, பவர் அளந்து, உறையில் போட்டு, வாங்க வசதியில்லாதவர்களுக்குத் தருகிற இடம் என்றாய். சனிக்கிழமை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை சேவை, சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு சீட்டு மட்டும் கொடுப்பார்கள் என்றாய். லென்ஸ் பாடம் நடத்துகிற டீச்சருக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எண் போட்ட சட்டையும் சாப்பாட்டுச் சீட்டும் வந்துபோக நேரமும் இருந்தால் அதற்குப் பெயர் வேலை.

உன் கைகளையும் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. சாக்பீஸ் பிடிக்கிற கை அப்படி ஆகாது. உன் பள்ளிக்கூடம்தான் ஆசிரியர்களை இப்படிச் சும்மா அனுப்பி வேலை வாங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும் என்பதால் நீ வாயைத் திறக்காமல் இருக்கிறாய்.

இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவள் நான். டிக்கெட் எடுக்காதவன் என்னைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். சனிக்கிழமைப் பேச்சை எடுத்தால் நீயும் ஜன்னல் பக்கம்தான் திரும்புகிறாய். இதை அப்பாவிடம் சொன்னால், "உன்னைக் கட்டுன நாள்லேர்ந்து நான் வீட்டுக்குள்ளயே டிக்கெட் எடுத்துட்டுத்தான் நடக்கிறேன், பாவம், அவளையாவது விடு" என்கிறார். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

இன்னொன்று. ஆசிரியர் விடுதியில் உன் அறையில் தங்கியிருக்கும் அந்தக் கெமிஸ்ட்ரி டீச்சர். சனிக்கிழமை அவளும் அங்கே வருகிறாள். எப்போது கிளம்புகிறாய், எப்போது வருவாய், டீச்சர் விசாவில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் போகலாமா, அனுமதி வாங்கினாயா என்று துளைக்கிறாளாம். அவளுக்கு ஏன் உன் விசா மேல் இவ்வளவு கரிசனம்? பஸ்ஸில் என்னிடம் அக்கறையாக வந்து பேசிய ஒவ்வொருவரும் பக்கத்து சீட்டுக்காரனைக் காட்டிக்கொடுக்கத்தான் வந்தார்கள். அவளிடம் ஜாக்கிரதையாக இரு. பெட்டியைப் பூட்டி வை.

உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது கண்ணு. பள்ளி ஆய்வகத்துக்கு இனி நீதான் பொறுப்பு என்று சொன்ன அன்று நீ போனில் அழுதாய். அதை யாரும் உன்னிடமிருந்து பிடுங்கக் கூடாது. நானும் சும்மா இருக்கப்போவதில்லை. செய்ய வேண்டியதைச் செய்கிறேன்.

கைக்கு எண்ணெய் தடவு.

உன் அம்மா


செவ்வாய் மாலை

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. அப்பா இதைப் படம் எடுத்து அனுப்ப மறுத்தார். போனில் நேராகச் சொல் என்றார். என்னால் முடியவில்லை. கடைசியில், "எழுது, ஆனா ஒரு வார்த்தை மறைக்காம எழுது" என்றார்.

நேற்று நீ அழுதுகொண்டே சொன்னதெல்லாம் இன்னும் காதில் இருக்கிறது. தலைமை ஆசிரியை உன்னைக் கூப்பிட்டு, உன்னைப் பற்றி ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொன்னார், யார் எழுதியது என்று சொல்லவில்லை. ஆசிரியர் விசாவில் இருப்பவர் அந்தப் பள்ளியைத் தவிர வேறு எங்கே வேலை செய்தாலும், சம்பளமே வாங்காவிட்டாலும், முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை விசாரணை. அது முடியும்வரை விசா புதுப்பிக்கும் தாளில் பள்ளி கையெழுத்துப் போடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு நீ கடைசியாக ஒன்று சொன்னாய். "சட்டை நம்பர் வரைக்கும் எழுதியிருக்காங்கம்மா. அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? நீ சொன்னது சரியாப் போச்சு."

நான் "ம்" என்றேன்.

எழுதியது நான்.

உனக்குக் கடிதம் அனுப்பிய அன்று மதியமே உன் பள்ளிக்கும் எழுதினேன். உன் வேலை உத்தரவின் நகலில் அவர்களுடைய மின்னஞ்சல் முகவரி இருந்தது. சனிக்கிழமையும் என் மகளிடம் ஏன் வேலை வாங்குகிறீர்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு எழுதத் தெரிந்தது ஒரே மாதிரிதான். இடம், கிழமை, ஏறிய நேரம், இறங்கிய நேரம், அடையாளம். இருபத்தாறு வருஷம் எழுதிய அறிக்கை. பத்து மணி, மூன்று மணி, ஆரஞ்சு மேல்சட்டை, எண் பதினேழு, சாப்பாட்டுச் சீட்டு. ஒன்றையும் விடவில்லை. அந்த எண் எனக்கும் தெரியும் என்பதை நீ மறந்துவிட்டாய். படம் அனுப்பியவளே நீதான்.

தகவலுக்கு நன்றி, விசாரிக்கிறோம் என்று மறுநாள் பதில் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

கெமிஸ்ட்ரி டீச்சர் அனுமதி விண்ணப்பத்தை அவளே வாங்கிவந்து, பாதி நிரப்பி உன் மேசையில் வைத்தாள் என்று நேற்று நீதான் சொன்னாய். அதையும் "நடிப்பும்மா, எல்லாம் நடிப்பு" என்றாய். எல்லோர் முன்னாலும் அவளைக் காட்டிக்கொடுப்பவள் என்று சொல்லிவிட்டு, உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாய். நீ பேசவில்லை கண்ணு. உன் வாயில் நான் பேசினேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், டிக்கெட் தொலைந்துவிட்டது என்று கெஞ்சிய ஒரு அம்மாளை நம்பாமல் நடுவழியில் இறக்கிவிட்டேன். பஸ் கிளம்பிய பிறகு அவள் உட்கார்ந்திருந்த சீட்டுக்கடியில் டிக்கெட் கிடந்தது. டிரைவரிடம் நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த டிக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டேன். அந்தம்மாவைத் தேடிப் போக எனக்கு விலாசம் தெரியாது. உனக்கு அப்படியில்லை. இரண்டு கதவு தள்ளித்தான் இருக்கிறாள்.

பள்ளிக்கு நான் அனுப்பிய கடிதத்தின் நகலை இதோடு சேர்த்திருக்கிறேன். தலைமை ஆசிரியைக்கும் இன்று தனியாக எழுதிவிட்டேன். என் மகள் எதையும் மறைக்கவில்லை, விதி தெரியாமல் போனாள், பள்ளியின் மேல் சந்தேகப்பட்டு நான்தான் எழுதினேன் என்று. இந்த முறை நேரம், எண் எதுவும் போடவில்லை. அதனால் உன் விசா தப்புமா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆய்வகச் சாவி உன் கையை விட்டுப் போனால் அதற்குக் காரணம் நான்தான். இதைச் சொல்லாமல் உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீ ஒன்று செய்ய வேண்டும். இன்றைக்கே போய் அவள் கதவைத் தட்டு. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல். அவளுக்கு நம் எழுத்து தெரியாதென்றால் நீயே ஒரு வரி விடாமல் சொல், பெட்டியைப் பூட்டி வை என்று நான் எழுதியதையும் சேர்த்து. அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள். அது எனக்கு வர வேண்டியது.

நீ நன்றாக இருக்க வேண்டும். இந்த வார்த்தையிலாவது நீ சந்தேகப்படாதே. என்னோடு பேச வேண்டாம், பதிலும் வேண்டாம். அவள் கதவைத் திறந்தாளா என்று மட்டும் அப்பாவிடம் சொல். நான் பக்கத்தில்தான் இருப்பேன், கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா