தூசி இல்லாத புல்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை நான் சுகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போனில் பேசிக்கொள்ளலாமே, காகிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், வாசலுக்குப் போய்ப் பேசினால் அதுவே அவருக்குச் சந்தேகம். அதனால் சலவைக் கடையில், மதியம் இஸ்திரிப் பெட்டி ஆறுகிற நேரத்தில், துணி மடிக்கும் மேஜையில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். கிடங்கில் உனக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுத்தார்களா? குதிகால் வலி எப்படி இருக்கிறது? அட்டைப் பெட்டி பிரிக்கும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள் என்று சொன்னேனே, செய்கிறாயா? சிரிக்காதே. மில்லில் பஞ்சுப் பொதியை உதறிய காலத்தில் உன் அப்பாவும் இப்படித்தான் சிரித்தார்.

மாடியில் குடியிருந்த தையல்காரம்மா ஊரை விட்டுக் கிளம்பும்போது, ஒரு வாரம் பார்த்துக்கோங்கக்கா என்று இரண்டு கினிப்பன்றிகளைக் கூண்டோடு நம் தலையில் கட்டிவிட்டுப் போனாள் அல்லவா, அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை, போன் செய்தாலும் எடுப்பதில்லை. பெயர்தான் பன்றி, பார்த்தால் எலிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும். எனக்கு முதலில் அருவருப்புதான். ஆனால் ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனிதர், இவை வந்த பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தின்றுவிட்டுத் தூங்குகிற குண்டனுக்கு முதலாளி என்று பெயர், சும்மா இருக்காமல் கத்துகிறவனுக்கு மேஸ்திரி என்று பெயர். நான் காய் நறுக்க உட்கார்ந்தால் போதும், மேஸ்திரி விசில் அடிப்பான், உடனே அப்பா அங்கிருந்து, ஷிப்டுக்குக் கூப்பிடறான்டி சீக்கிரம் போ என்பார். சிரித்தால் இருமல் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தே சிரிப்பார். நல்லவேளை இரண்டும் ஆண், இல்லாவிட்டால் இந்நேரம் ஒரு மில்லே நடத்தியிருப்போம்.

தையல்காரம்மா வைத்துவிட்டுப் போன புல் மூட்டை தீர்ந்ததும்தான் எங்கள் பாடு ஆரம்பித்தது. நான் பால்காரரிடம் சொல்லி ஒரு கட்டு வைக்கோல் வாங்கிப் போட்டேன், மாடு தின்கிறது, இது தின்னாதா என்ற நினைப்பு. இரண்டும் அதில் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டன, வாயில் வைக்கவில்லை. சில நாளில் மேஸ்திரி கத்துவதை நிறுத்திவிட்டான். கத்தினால் திட்டுகிற நானே, கத்துடா கத்துடா என்று கூண்டைத் தட்டிப் பார்த்தேன். துணிப்பையில் போட்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே இருந்த டாக்டரம்மா அவன் வாயைத் திறந்து காட்டினாள், பல் வளர்ந்து வளைந்து கிடக்கிறது. இதுங்களுக்குப் பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கும்மா, மென்னு மென்னு தின்னாத்தான் தேயும், வைக்கோல் படுக்கைக்கு, காய்ஞ்ச புல்லுதான் சாப்பாட்டுக்கு என்றாள். பச்சை மாறாமல் இருக்க வேண்டும், முகர்ந்தால் இனிப்பாக வாசம் வர வேண்டும், கறுப்புப் புள்ளி கூடாது, உதறினால் தூசி பறக்கக் கூடாது, பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், இத்தனையும் சொல்லி அனுப்பினாள். எல்லாம் சரி, அந்தப் புல் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன், அதைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன் என்று சிரித்தாள்.

வளர்ப்புப் பிராணி விற்கிற கடையில் பளபளவென்று உறை போட்டு வைத்திருந்தான். முயல் படம் வேறு. நம்பி வாங்கி வந்து வாசலிலிருந்தே அப்பாவிடம் நீட்டினேன், நான் உள்ளே வருவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை, மடியில் வைத்தே பிரித்துவிட்டார். உள்ளே புல்லா இருந்தது, எல்லாம் நொறுங்கிப் போன மஞ்சள் தூள். குப்பென்று முகத்தில் அடித்தது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், உள்ளே நாற்காலி நகரும் சத்தம், ஓடிப் போனால் உதடு நீலம் பாரித்துவிட்டது, கையால் காற்றைப் பிடித்து இழுப்பது போல இழுக்கிறார். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் இல்லாவிட்டால் அன்றே முடிந்திருக்கும். லேசாகச் சளி, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று உன்னிடம் போனில் சொன்னேனே, அது இதுதான். சொல்லாதே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார், என்ன செய்வது.

நெஞ்சு டாக்டர் வீட்டில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் பேனாவை மூடிவிட்டார். அந்தப் புல்லு வீட்டுல இருக்கணுமா, இவர் இருக்கணுமா, முடிவு பண்ணுங்க என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, மூச்சு விட்டுவிட்டுப் பேசினார், நிஜ முதலாளிக்காக முப்பது வருஷம் தூசி தின்னேன் சார், ஒருநாள் என் மடியில வந்து உட்கார்ந்திருப்பானா, இவன் உட்கார்றான் என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, மண்டைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று நினைத்திருப்பார். எனக்குப் புரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் அலையாத இடம் இல்லை. குதிரைச் சவாரி சொல்லித்தருகிற இடத்தில் ஒரு கட்டு கொடுத்தார்கள், மேலே பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்தால் நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, வீட்டுக்குள் வந்திருந்தால் அவரைக் கொண்டுபோயிருக்கும், அங்கேயே கொளுத்தினேன். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மருந்து அடிக்காத புல் இடுப்பளவு வளர்ந்து கிடப்பதைப் பார்த்து, காவல்காரரிடம் கெஞ்சி, கடை விட்டதும் போய் அரிவாளால் அறுத்து வந்தேன். பழைய போர்வையில் பரப்பித் திருப்பித் திருப்பிக் காய வைத்தேன். பச்சையாகவே இருந்தது, வாசமும் வந்தது. ஒவ்வொரு பிடியையும் மாடியிலேயே உதறி, லேசாகத் தண்ணீர் தெளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் உள்ளே கொண்டுபோவேன். மேஸ்திரிக்கு மறுபடி குரல் வந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. எவ்வளவு உதறினாலும் புல் புல்தானே. இப்போது மழை வேறு பிடித்துக்கொண்டது, வெட்டினால் காய்வதில்லை, மழை நனைந்த பச்சைப் புல்லை அள்ளிப் போட்டால் வயிறு ஊதிவிடும் என்று டாக்டரம்மா பயமுறுத்துகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் தன் மகளுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அப்பா கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். மேஸ்திரி சும்மா இருப்பானா, விசில் அடித்தான். நான் கேட்டைத் தாண்டவில்லை, பின்னால் காலடிச் சத்தம். குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார், கண்ணு. கழிவறைக்குப் போகவே என் தோளைப் பிடிக்கிறவர், கேட்டுவரைக்கும் தனியாக நடந்து வந்து, படியில் உட்கார்ந்து, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பேச மூச்சு இல்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. கம்பவுண்டர் பாவம், நான் வரேம்மா என்று நழுவிவிட்டார். அவரையும் கூண்டையும் எப்படி உள்ளே கொண்டுவந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் தனியாகப் போய் நெஞ்சு டாக்டரைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லுங்கள், புல்லை எடுத்துவிட்டால் பிழைப்பாரா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான், முதலில் என்னை உட்காரச் சொன்னார். நுரையீரல்ல மிச்சம் ஒண்ணும் இல்லம்மா, புல்லை எடுத்தா சில வாரம் கூட இருப்பார், அவ்வளவுதான், இந்த மழைக்காலம் தாண்டறது கஷ்டம் என்றார். அப்பாவுக்கும் இது தெரியுமாம், போன மாதமே கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்ல சொல்லாதீங்க என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தேன். முதலாளியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புல்லாக ஊட்டிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் டாக்டர் என்று கேட்கவில்லை, எங்கே போயிட்டு வந்தே என்று மட்டும் கேட்டார், புல்லு தேடப் போனேன் என்றேன். கிடைச்சுதா என்றார். பார்க்கலாம் என்றேன். அந்தச் சில வாரத்துக்காக இவற்றை அவர் மடியிலிருந்து பிடுங்க என்னால் முடியாது, கண்ணு. ஏன் பிடுங்கவில்லை என்று நாளைக்கு நீயே என்னைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். கோபம் வந்தால் என்னிடம் காட்டு, அவரிடம் காட்டாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம்.

பாப்பாவுக்கு எழுதிடாதே, அவ வேலையை விட்டுட்டு ஓடி வருவா, திரும்பச் சேர்த்துக்க மாட்டாங்க என்று அப்பா என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். இதுவரை அவர் சொல்லை நான் தட்டியதில்லை என்று எழுத ஆசைதான், நீ நம்பமாட்டாய். இதைத் தெரிந்தே தட்டுகிறேன்.

நீ நல்லபடியாக, நோய்நொடி இல்லாமல், நீண்ட நாள் இருக்க வேண்டும். உன் நெஞ்சில் எப்போதும் நல்ல காற்று இருக்க வேண்டும், எனக்கு அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் தெரியவில்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. புல் கிடைக்கவில்லை என்று போனில் சொன்னதற்கு, உன் வீட்டருகே கடையில் தூசியே இல்லாத புல் அடுக்கி வைத்திருக்கிறான், பார்சலில் அனுப்பவா என்று கேட்டிருந்தாய். அனுப்பாதே. கையோடு எடுத்துக்கொண்டு வா. அடுத்த வருஷ லீவு என்று தள்ளாதே, இப்போதே கேள், கொடுக்காவிட்டாலும் வா. விமான நிலையத்தில் புல்லையெல்லாம் விடமாட்டோம் என்று பிடுங்கினால் சண்டை போட்டுக்கொண்டு நிற்காதே, அங்கேயே போட்டுவிட்டு நீ வந்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா