டிடெயின்ட்

அரியலூர், 12-3-1985, செவ்வாய்

காலையில் கல்லூரி அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். தலைப்பில் ஆங்கிலத்தில் 'டிடெயின்ட்' என்று இருந்தது. கீழே ஏழு பெயர்கள். நான்காவது என் பெயர்.

யாழ்ப்பாணத்தில் ராணுவம் அண்ணாவைப் பிடித்துக் கொண்டுபோன அன்று, முகாம் வாசலில் அம்மாவிடம் சொன்ன சொல் அதுதான்; தடுத்து வைத்திருக்கிறார்களாம். அவன் இன்னும் வரவில்லை.

பக்கத்தில் நின்ற விடுதித் தோழி ஸ்டெல்லாவிடம், "என்னை எப்ப வந்து பிடிப்பினம்?" என்று கேட்டேன்.

"ஒன்ன யாருடி புடிக்கப்போறா?" என்றாள். வரதராஜன்பேட்டைக்காரி, எதையும் சத்தமாகத்தான் சொல்லுவாள். "அட்டெண்டன்ஸ் பத்தலடி. நீ வந்து சேந்ததே ரெண்டு மாசம் கழிச்சு. பரீட்சை எழுத வுடமாட்டாங்க. மறுபடியும் மொத வருஷமே படிக்கணும். அதான் அர்த்தம்."

"அவ்வளவுதானா?"

என்னையே பார்த்தாள். பிறகு அவள்தான் அழுதாள். ஆபீசுக்கும் அவளே இழுத்துக்கொண்டு போனாள். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஒண்ணும் பண்ண முடியாதும்மா, ஜூன்ல வாங்க" என்றார். நான் சரி என்றேன். மத்தியானம் சாப்பாடும் சாப்பிட்டேன்.

ஒரு வருஷம் போய்விட்டது. அழுகை வரும் என்று மாலை வரை காத்திருந்தேன், வரவில்லை.

அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை எழுத முடியாது. காய்ச்சல், அதனால் பரீட்சைக்குப் போகவில்லை என்று எழுதினேன். காய்ச்சல் என்றால் அம்மா கவலைப்படுவா. படட்டும்.